இடது பக்கம் இழுத்த கார்

கணவர் செபாஸ்டின் இறந்த பிறகு முதன்முறையாகக் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள் ரோஸ்லின். மெக்கானிக் முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "டயர் ஒரு ஓரமா தேஞ்சிருக்குக்கா. அலைன்மென்ட் போய் ரொம்ப நாளாச்சு. வண்டி இடது பக்கமே இழுக்கும். அண்ணன் ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் ஓட்டியிருப்பாரு."

பக்கத்து இருக்கையிலிருந்து எத்தனை தடவை குத்திக்காட்டியிருப்பாள். "ஒரு கையை எடுத்து என் கையைப் பிடிச்சா குறைஞ்சா போயிருவீங்க?" அவர் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி சிரிப்பார். அலைன்மென்ட் பார்க்க அவர் கிளம்பிய ஞாயிறுகளில், "இன்னைக்காவது வீட்ல இருங்க" என்று சாவியை ஒளித்துவைத்தவளும் அவள்தான்.

சரிசெய்த காரைப் புறவழிச்சாலையில் ஓட்டினாள். இடது கையை எடுத்து, ஆளில்லாத பக்கத்து இருக்கையில் மல்லாத்தி வைத்தாள். கார் நேராகவே போனது.