பவுலாவின் பச்சை

"இது உனக்கு எதப்போல தோணுது மக்களே?"

வாலண்டைன் ஏழாவது முறையாக இதே கேள்வியைக் கேட்டார். பாறசாலை பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் இயந்திரத்தருகே நின்ற லிஷா, கையிலிருந்த நிற அட்டையை இன்னொரு தடவை பார்த்தாள்.

"வெத்தலை மாதிரி இருக்கு மாமா."

"அப்போ இதில்ல."

லிஷா திருவனந்தபுரத்தில் வீட்டு உள்அலங்காரம் படித்தவள். எந்த நிறத்தோடு எது சேரும் என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அவள் நம்பரைத் தட்டுவாள். ஐந்து நிமிடத்தில் டின் கைக்கு வந்துவிடும். இவரோ கடை திறந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

காரோடு என்ற ஊரின் கடற்கரையில் இருந்த அவர் வீட்டைக் கடல் எடுத்து நான்கு வருடமாகிறது. இப்போது செங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறார். அதன் முன்னறைக்குப் பழைய வீட்டின் அதே பச்சை வேண்டும். மனைவி பவுலா கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்த பச்சை அது. அதற்கு மஞ்சள் ஜன்னல் என்று சேர்த்ததும் அவள்தான். வீடு போவதற்கு ஒரு வருடம் முன்பே அவள் போய்விட்டாள்.

ஜன்னல் மஞ்சளில் ஒரு சிக்கலும் வரவில்லை. அட்டையில் இருபது மஞ்சள்கள் இருந்தன. பார்த்த உடனே ஒன்றில் விரலை வைத்துவிட்டார். பச்சைதான் பிடி கொடுக்கவில்லை.

பழைய போட்டோ ஏதாவது உண்டா என்று லிஷா கேட்டாள். எல்லாம் வீட்டோடு போயிற்றாம். கப்பலில் வேலை பார்க்கும் மகன் டெல்வினைப் போனில் பிடித்தாள். அவன், பச்சை என்றால் பச்சைதான், வேறென்ன என்று சொல்லி வைத்துவிட்டான். கடும் பச்சையா, இளம் பச்சையா என்று வாலண்டைனிடமே கேட்டாள். மீன் விற்றுவிட்டு வரும் பவுலா, அந்தச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, கட்டன்சாயா குடித்துக்கொண்டே சந்தைக்கதை சொல்லிச் சிரிப்பதைப் பற்றி அவர் சொன்னார். அவள் தலை பட்ட இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை படிந்திருந்ததாம். அதன்மேல் பெயிண்ட் அடிக்காமலே விட்டிருந்தாராம்.

லிஷா அவர் எடுத்துவைத்த மஞ்சளைப் பார்த்தாள். இதை ஜன்னலுக்கு எடுத்த பெண், நீலம் கலந்த பச்சையைச் சுவருக்குத் தொட்டிருக்க மாட்டாள். மஞ்சள் ஓடும் பச்சையாகத்தான் இருக்கும். நீலப் பச்சைகளையெல்லாம் ஒதுக்கினாள். மிச்சம் இருந்ததில் 4172 என்ற நம்பர் பச்சையைக் கொஞ்சமாகக் கலந்து, ஒரு பலகைத் துண்டில் பூசி, காற்றாடிக்கு அடியில் பிடித்துக் காயவைத்தாள்.

"இது எதப்போல தோணுது?" என்றார் வாலண்டைன்.

லிஷா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலேஜுக்குப் போவும்போ அம்மை எனக்குப் பொதிச்சோறு கெட்டித் தருவா மாமா. மத்தியானம் பொதிய அவுத்தா, அந்த வாட்டின வாழையிலை இருக்குமே, அதப்போல."

வாலண்டைன் எழுந்து நின்றார்.

"இதுதான். பத்து லிட்டர் போடு மக்களே."

"நீங்க பலகையப் பாக்கவே இல்லியே மாமா. வெளிய வெளிச்சத்தில கொண்டுபோய் நல்லாப் பாருங்க. கலந்தா பின்ன திருப்பி எடுக்க மாட்டோம்."

"நான் பாத்து என்ன செய்ய? பொறந்ததிலேருந்தே எனக்குப் பச்சையும் தவிட்டு நிறமும் ஒண்ணாக்கும். நெறம் எல்லாம் எனக்கு பவுலா பறஞ்சு தந்ததுதான். அந்தச் சுவரு எதப்போல இருக்குன்னு ஒருநாள் கேட்டேன், வாட்டின வாழையிலைன்னு பறஞ்சா."