மேற்கே பார்த்துச் சொல்லுங்க

செல்போன் கோபுரத்தின் உச்சியில் குணசீலன் நின்றிருந்தான். மில்லில் அவன் வேலை போய் மூன்று நாள். கீழே ஊரே அண்ணாந்து நின்றது. இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்த சமாதானப் பேச்சைப் பாதியிலேயே காற்று பிடுங்கிக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து கலெக்டர் ஆபீசிலிருந்து போன். அவர் மைக்கை ஏட்டு கனகாம்பிகையின் கையில் திணித்தார்.

"ஏதாவது பேசும்மா. நிறுத்தாம பேசு."

என்னத்தைப் பேசுவது? ஒரு வார்த்தை தப்பினால் ஓர் உயிர். கனகாம்பிகை மைக்கை வாயருகே கொண்டுபோனாள். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே, மேற்கால மழை வருதான்னு பாருங்க. மாடியில வடகம் காயப் போட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் போனைப் பொத்திக்கொண்டு முறைத்தார். கூட்டத்தில் எவனோ சிரித்தான். அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மேலே குணசீலனின் தலை மெல்லத் திரும்பியது.

"எந்த வீடு?" என்று கத்தினான்.

"மஞ்சக் கலர் டேங்க் வீடுண்ணே!"

"கருகருன்னு வருது. எடுக்கச் சொல்லுங்க!"

"வீட்ல யாருமில்ல. நானும் நகர முடியாது."

"ஏன்?"

"நீங்க அங்க நிக்கிறீங்களே!"

குணசீலன் மறுபடி மேற்கே பார்த்தான்.

"அதுக்காக அவ்வளவு வடகத்தையும் நனைய விடுவீங்களா? என்ன பொம்பளைங்க நீங்க!" திட்டிக்கொண்டே அவன் வலது காலால் கீழ்ப்படியைத் துழாவினான்.

கனகாம்பிகை மூச்சு விட்டாள். மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது.