ஐந்து விரல் கையுறை

லொங்குய் நகரில் பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடையில் விற்பனையாளன் றொபின்சன் மன்றாடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த மிற்றனில விரலெல்லாம் ஒண்டா இருக்கும். அதுதான் சூடு. ஈரமும் உள்ளுக்குப் போகாது. விரல் பிரிச்ச கிளவுஸ் போட்டா, மலையில பிள்ளைக்குக் கை விறைச்சுப் போகும்."

தனக்கு மிற்றனையே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்ட நிரஞ்சலா, மகளுக்கு மட்டும் வேண்டாம் என்றாள். மகள் வித்தியா அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் ஐந்து விரல் கையுறையைப் பிடித்தபடி நின்றாள். ஸ்டைல் பார்க்கிற பிள்ளை, செல்லம் கொடுக்கிற தாய் என்று நினைத்துக்கொண்டான்.

"தெரியும் தம்பி. ஆனா மிற்றன் போட்டா இவளால கதைக்கேலாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "வாயாலதானே அக்கா கதைக்கிறது?"

அப்போது வித்தியா தாயின் தோளைத் தட்டினாள். கூடையைக் காட்டினாள். பிறகு அவளுடைய விரல்கள் காற்றில் மடங்கியும் விரிந்தும் விறுவிறென்று எதையோ கேட்டன.

றொபின்சனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

நிரஞ்சலா கூடையிலிருந்த தன் மிற்றனை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"எனக்கும் விரல் பிரிச்சதிலயே ஒரு சோடி தாங்கோ தம்பி. நான் இதைப் போட்டா, தனக்கு ஆர் பதில் சொல்லுறது எண்டு கேக்கிறாள்."