கை கியர்

கியர் தண்டு அவள் கையோடு தொளதொளவென்று வந்தது. மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் எந்தக் கியரும் விழவில்லை. விழப்போகும் பல்லைப் போல ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் சும்மா ஆடியது.

அப்பாவின் பழைய பிக்கப் வண்டி அது. கியர் காலடியில் இருக்காது. ஸ்டீரிங்குக்குக் கீழே, கைக்கு எட்டுகிற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

காலையில் வாசலை விட்டு நகரமாட்டேன் என்று நின்ற வண்டியை, ஆள் பிடித்துத் தன் மெக்கானிக் பட்டறை வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மகள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் அனுப்பியாயிற்று. மத்தியானம் அப்பாதான் வண்டியில் போய்க் கூட்டி வர வேண்டும். அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும்.

அவர் போகாவிட்டால் அவள்தான் பட்டறையைப் பூட்டிவிட்டு ஓட வேண்டும். ஒற்றை ஆளாக நடத்துகிற பட்டறை. பூட்டைப் பார்த்த வாடிக்கைக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

அப்பா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால், அதைக் கழற்றினாயா இதைப் பார்த்தாயா என்று அவள் உயிரை எடுத்திருப்பார். இன்று வாயே திறக்கவில்லை. வண்டி படுத்துவிட்ட கவலை என்று அவள் விட்டுவிட்டாள்.

ஸ்டீரிங் வளையத்தைக் கழற்றினாள். மூடியைப் பிரித்தாள். உள்ளே தண்டைப் பிடித்திருக்கும் பின் ஆணி உடைந்திருக்கும், இல்லாவிட்டால் புஷ் வளையம் தேய்ந்து உதிர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

இரண்டும் நன்றாகவே இருந்தன.

பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தாள். ஸ்டீரிங் தண்டின் அடியிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கம்பி இரண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தானாக முறிந்த இரும்பு கரடுமுரடாக இருக்கும். இந்த முனை வழுவழுவென்று பளபளத்தது. ரம்பம் போய்வந்த கோடுகள்கூடத் தெரிந்தன. துரு இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.



தம்பிதான். வேறு யார்? கொஞ்ச நாளாகவே வண்டியை விற்றுவிடு, விற்றுவிடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால் பிடிகொடுக்க மாட்டான். நேற்று சாயந்திரம் வந்தவன் வீட்டுக்குள்கூட வராமல், வண்டியைச் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டுப் போனான்.

போனை எடுத்தாள். அவன் ஹலோ சொல்வதற்குள் பொரிந்து தள்ளிவிட்டாள். கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா, சோற்றில் கை வைக்கிறாயே என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

"ஆமாக்கா, நான்தான். என்ன வேணா திட்டிக்கோ. அந்தக் கம்பிய மட்டும் ஒட்டாத" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒட்டாமல் விடுவாளா? இரண்டு துண்டுகளையும் கழற்றி மேசையிலிருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கினாள். வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டப்போனாள்.

"இன்னைக்கே ஒட்டணுமாம்மா?" என்றார் அப்பா.

அதுதான் தாமதம், அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க பிள்ளை பண்ண காரியத்தப் பாத்தீங்களா? வண்டி ஓடும்போது இது கையோட வந்திருந்தா என்னாகும்? உள்ள பாப்பாவும்ல இருந்திருப்பா!"

"அவனத் திட்டாத. ஓடும்போது எப்படிம்மா வரும்? வாசல்ல நிக்கும்போதே முழுசா அறுத்துட்டோம்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

அறுத்துட்டான் இல்லை. அறுத்துட்டோம்.

வெல்டிங் கண்ணாடி அவள் கையிலேயே நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். அவருடைய வண்டி. தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதில் யாராவது சாய்ந்து நின்றால்கூட அவருக்குப் பிடிக்காது.

அதை அவரே ஏன் அறுக்க வேண்டும்?

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிவிட்டது. அவள் வெல்டிங் மிஷினை அணைத்தாள், கையைத் துடைத்தாள், ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். கம்பி வைஸிலேயே இருந்தது.

"வாங்கப்பா. நடந்தே போய்க் கூட்டிட்டு வரலாம்."

அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தார். தெருமுனைக்கு வந்தார்கள். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு அவரை உரசுவது போல் போனான். அவர் திடுக்கிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை.

"தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். இடது கண்ணு போனது போனதுதானாம். இனிமே திரும்பாதுன்னுட்டாங்க."

அவள் நின்றுவிட்டாள்.

"உங்கிட்ட சொல்லச் சொல்லி அவன் தலையால அடிச்சுக்கிட்டான். நான்தான் சத்தியம் வாங்கிட்டேன். உனக்கு நான் ஒத்தாசையா இருக்கறது பாப்பாவக் கூட்டிட்டு வர்ற இந்த ஒண்ணுலதானே? இனிமே ஓட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல. பழைய வண்டி, உடைஞ்சா உடைஞ்சதுதான்னு நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"இவ்வளவு நாளா எப்படிப்பா ஓட்டினீங்க?"



"பாப்பா எனக்கு இடது பக்கத்துலதான் உக்காருவா. அவ பேசாம வந்தான்னா, வண்டியில இருக்காளா இல்லையான்னே எனக்குத் தெரியாதும்மா. அதான் வழியெல்லாம் பாடிக்கிட்டே வரச் சொல்லுவேன்."