முப்பது வினாடிப் பொத்தான்

காலை வெயில் சாப்பாட்டு மேசையில் பாதி ஏறியிருக்கிறது. தம்பி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே மடிக்கணினியில் பாடம் முடிக்கிறான். பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்குள் கை போகாமல் வேலை செய்வது எப்படி என்ற அந்தப் பாடத்தைத் தயாரித்தவள் எதிரில் நிற்கும் அக்காதான். நர்ஸாக இருந்து, துணிக்கடையில் நின்று, வானொலியில் செய்தி வாசித்து, கடைசியில் இந்த வேலைக்கு வந்தவள். நர்ஸாக இருந்தபோது, மெஷினில் துண்டாகித் துணியில் சுற்றி வந்த விரல்களைக் கையில் வாங்கியிருக்கிறாள். பாடத்தின் ஒவ்வொரு பக்கமும் முப்பது வினாடி ஓடினால்தான் ‘அடுத்து’ பொத்தான் நீலமாகும்; அதுவும் அவள் ஏற்பாடு. பாடத்தில் பேசும் அவள் குரலை அவன் சத்தமில்லாமல் அணைத்து வைத்திருக்கிறான். நீலமானதும் நிமிராமலே தட்டுகிறான்.

“சத்தத்த வைடா. செவிடன் காதுல ஊதின சங்கா போச்சு.”

“பட்டறைக்கு லேட்டாச்சுக்கா. கடைசிக் கேள்விக்கு என்ன பதில்? நீதானே எழுதின?”

அவன் முதல் விடையைத் தட்டுகிறான், சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவது பச்சை. ஆசையாக அவள் தேர்ந்தெடுத்த வண்ணக் காகிதங்கள் திரை முழுக்கச் சத்தமில்லாமல் கொட்டுகின்றன.

“பாஸ்!” இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே விரித்து ஆட்டுகிறான்.

அவள் விரல்களை எண்ணுகிறாள். பத்து இருக்கின்றன.