ஏழு மாசத்துப் புள்ள

"மெதுவா ஏறுக்கா, இழுப்பு வந்துடப் போவுது!" என்று ரஞ்சித் கீழிருந்து கத்தினான்.

வினிதா அதற்குள் மாடியில் நெஞ்சு டாக்டரின் வாசலுக்குப் போய்விட்டாள். இவன் பாதிப் படியில் நின்று, இவ்வளவு செங்குத்தாகப் படி கட்டிய மேஸ்திரியைத் திட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தை ஏறினான்.

வினிதா ஏழு மாசத்துப் புள்ள என்பது கல்மண்டபம் ஏரியா முழுக்கத் தெரிந்த சேதி. பிறந்ததும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தவள். அம்மா போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று ரஞ்சித் எடுத்துக்கொண்டான்.

அக்காவும் தம்பியும் ஒன்றாகத்தான் ப்ளஸ் டூ எழுதினார்கள். அவள் பாஸாகி, போலீஸ் வேலைக்காகத் தினமும் கடற்கரையில் ஓடிப் பழகினாள். கோட்டைவிட்ட இவன் காசிமேட்டில் விசைப்படகு ஏறினான்.

"அடுத்த வாரம் ஓட்டம் கீது. டாக்டரு வேணாம்னுட்டா இன்னாக்கா பண்ணுவே?"

"நீ வாய மூடிக்கினு உள்ள வா."

டாக்டர் நிதானமாகப் பேசினார். "குறைமாசத்துல பொறக்கறவங்களுக்கு நுரையீரல் முழுசா வளர்ந்திருக்காது. பார்க்க நல்லாத்தான் இருப்பாங்க. ஆனா பெரியவங்க ஆனப்புறமும் அப்பப்ப குழாய்ல ஊதவெச்சு மூச்சு எப்படி இருக்குன்னு பார்க்கணும். பீடி, சிகரெட் பக்கமே போகக் கூடாது."

"கரீட்டா சொன்னீங்க சார்!" என்று ரஞ்சித் பலமாகத் தலையாட்டினான். அவன் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டு எட்டிப் பார்த்தது. "எங்கக்கா பீடிய கண்ணாலகூட பாக்காது. பேஜாரு பண்ணாம அத்த ஓட வுடுங்க சார். அது வாழ்க்கையே இதுலதான் கீது."

டாக்டர் சிரித்தார். "அவங்க தாராளமா ஓடலாம். போன வாரமே வந்து ஊதிட்டுப் போயிட்டாங்களே." சொல்லிக்கொண்டே ஊதுகுழாயை ரஞ்சித்தின் பக்கம் நீட்டினார்.

ரஞ்சித் திருதிருவென விழித்தான். "அப்போ இன்னிக்கு இன்னாத்துக்குக்கா என்னை இட்டாந்தே? நான் இன்னா ஏழு மாசத்துப் புள்ளயா?"

வினிதா அவன் பையிலிருந்த பீடிக்கட்டை உருவிக் குப்பைக்கூடையில் எறிந்தாள்.

"ரெட்டப் புள்ளைல ஒண்ணு மட்டும் ஏழாம் மாசம் பொறக்குமாடா, நைனா? ஊது!"