நான்காவது சுற்று

“பிடிச்சிருக்கா, பிடிக்கலையான்னு சொல்ல வேணாம். என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள் மார்னி.

மூன்றடி அட்டை சுவரில் சாய்ந்திருந்தது. சிகரத்தின் மேல் ஒரு மலையாடு. அதன் காலடியில் வளைந்திறங்கும் ஓடை. சுற்றிலும் மலை மீட்புக் குழுவின் பெயர். எல்லாம் மயிரிழைக் கோடுகள், வெளிர் நீலத்தில்.

ஆட்டின் தாடியில் மட்டும் பதினேழு கோடுகள். ஒவ்வொன்றையும் கையால் வரைந்திருந்தாள்.

புதிய சின்னத்துக்கு அவள் வரைந்து காட்டும் மூன்றாவது சுற்று இது. ஒப்பந்தத்தில் மூன்றுதான். திங்கட்கிழமை குழுவின் ஹெலிகாப்டருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். இன்றும் தேறாவிட்டால் அதன் அடிவயிற்றில் பழைய சின்னத்தையே மறுபடி தீட்டிவிடுவார்கள். தனியாக அவளை நம்பிக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, சுவடில்லாமல் போகும்.

“ஆடு தெரியுது,” என்றார் வெண்டல். குழுவின் தலைவர் அவர்தான், ஹெலிகாப்டரை ஓட்டுபவரும் அவர்தான். “பாவம், அதுக்குப் பல்வலி போல.”

மேஜையைச் சுற்றி இருந்த ஏழு பேரில் ஆறு பேர் சிரித்தார்கள்.

குறை சொல்லும்போது வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. டென்வரில் மார்னியின் அலுவலகத்தின் சட்டம் அது. நோட்டுப்புத்தகத்தில் ‘பல்வலி’ என்று எழுதிக்கொண்டாள்.

“கொஞ்சம் பெருசாக்கலாம்,” என்றார் ஒருவர்.

“ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னுதான் சொல்லத் தெரியல,” என்றார் இன்னொருவர்.

எழுதிக்கொண்டாள்.

எதிர்த் திரையில் பழைய சின்னத்தின் படம் இன்னும் இருந்தது. வெள்ளை விளிம்போடு ஒரு ஆரஞ்சு வட்டம், நடுவில் ஏதோ கரிய கறை. அரைமணி நேரத்துக்கு முன்னால் அவள்தான் அதற்குப் ‘பொரித்த முட்டை’ என்று பெயர் வைத்தாள். வெண்டல் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அப்போதும் சிரிக்காதவர் ஒருவர்தான். மேஜையின் கோடியில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆர்டித்.

ஆர்டித் இப்போது பேனாவை மூடி வைத்தார். ஐம்பது வயதிருக்கும். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முழங்காலிட்டார், ஒரு கையை ஊன்றினார், தரைவிரிப்பில் மல்லாந்து படுத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வெண்டல் பாதி தின்ற டோனட்டைக் கீழே வைத்தார்.

“மேஜை மேல ஏறி அதைத் தூக்கிப் பிடிம்மா,” என்றார் ஆர்டித். “படம் என் பக்கம் இருக்கட்டும்.”

மார்னி காலணியைக் கழற்றிவிட்டு ஏறினாள். அட்டையைக் கூரையை ஒட்டிப் படுக்கைவாக்கில் பிடித்தாள். தன் படம் அவளுக்கே தெரியவில்லை. அட்டைக்குக் கீழே நீட்டிப் படுத்திருந்த ஆர்டித் மட்டும்தான் தெரிந்தார்.

“ஆட்டு. காத்துல ஆடுற மாதிரி.”

ஆட்டினாள்.

வெயிலைப் பார்ப்பவர் போல ஆர்டித் கண்களைப் பாதி மூடினார். நெடுநேரம் அப்படியே கிடந்தார்.

“ஆடு போச்சு,” என்றார். “ஓடை போச்சு. எழுத்தும் போச்சு. மலை கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதுவும் வானத்தோட கரைஞ்சுபோகுது.”

குரலில் குத்தல் இல்லை. வெப்பமானியில் பாகையைப் படித்துச் சொல்பவரின் குரல்.

இந்த வேலைக்கு வந்த ஏழு வருடங்களில் மார்னி எத்தனையோ குறைகளைக் கேட்டிருக்கிறாள். பெரிதாக்கு, சிறிதாக்கு, என் மனைவிக்கு நீலம் ஆகாது. அவள் வரைந்ததைப் பார்ப்பதற்காகத் தரையில் படுத்த மனிதரை இன்றுதான் பார்க்கிறாள்.

அந்தச் சின்னத்தைப் பார்க்கப் போகிறவர் எங்கே கிடப்பார் என்று அவள் ஒருமுறையும் யோசித்ததில்லை.

ஆர்டித் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். பொரித்த முட்டையை.

மார்னி மேஜை மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அட்டையைப் புரட்டினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. பையிலிருந்து தடித்த மார்க்கர்களை எடுத்து, விளிம்புக்கு விளிம்பு ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஆரஞ்சால் நிரப்ப ஆரம்பித்தாள்.

மார்க்கர் கிறீச்சிடுவதைத் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆர்டித் எழுந்திருக்கவும் இல்லை.

பழைய வட்டத்தின் நடுவில் கறை இருந்த இடத்தில், கறுப்பால் இரண்டே இழுப்பு. ஏறும் கோடு ஒன்று, இறங்கும் கோடு ஒன்று. கட்டைவிரல் அகலத்துக்கு. ஒரு மலை.

ஆட்டை எடுத்தாயிற்று. ஓடையை எடுத்தாயிற்று. பதினேழு கோடுகளும் போயின. அவளுக்கு வருத்தம் வரவில்லை.

ஒப்பந்தத்தில் இல்லாத சுற்று. எழுந்து நின்று அட்டையை மறுபடி தூக்கிப் பிடித்தாள். சொல்லாமலே ஆட்டினாள்.



ஆர்டித்தின் வலது கை தரையிலிருந்து எழுந்தது. விரல்கள் விரிந்தன. கை நேராக மேலே நீண்டு, இடமும் வலமுமாக, மெதுவாக, மிக மெதுவாக அசைந்தது. தன் கை அசைவது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மார்னி வெண்டலைப் பார்த்தாள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பனியில தேடும்போது, மூணு சுத்தோட திரும்பிடணும்,” என்றார். “அதுக்கு மேல எரிபொருள் தாங்காது. அதுதான் எங்க விதி.”

தொப்பியை மடியில் ஒருமுறை திருப்பினார்.

“ஆர்டித்தைத் தேடின அன்னிக்கு, நாலாவது சுத்துலதான் அந்தக் கை தெரிஞ்சுது.”